கடலடிக் கரியமில வாயு: இயற்கையின் மீது பழி போட முடியாது

பிரேசிலின் சாண்டோஸ் கடற்படுகையில் 2008ஆம் ஆண்டு ஜூபிடர் வயல் கண்டறியப்பட்டபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் அங்கு கிடைத்த வாயுவில் முக்கால் பங்குக்கு மேல் கரியமில வாயுவாக இருந்தது. அதே படுகையின் மெரோ வயலிலும் இது 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

இவ்வளவு வாயு எங்கிருந்து வந்தது? புதைந்த உயிரினங்களின் எச்சங்கள் வெப்பத்தால் சிதையும்போது கரியமில வாயு உருவாகும். சுண்ணாம்புப் பாறைகள் கடும் வெப்பத்தில் சிதைந்தாலும் உருவாகும். மூன்றாவது ஊற்று, புவியோட்டுக்கு அடியிலுள்ள கவச அடுக்கு. சாண்டோஸ் வாயுவின் கார்பன், ஹீலியம் ஐசோடோப்புகளை அளந்த ஆய்வுகள் இந்த மூன்றாவது ஊற்றையே முதன்மையாகச் சுட்டுகின்றன. தென்னமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரிந்தபோது புவியோடு மெலிந்து பிளவுபட்டது. பிளவுகளின் வழியே ஏறிய வாயுவைத் தடித்த உப்பு அடுக்கு மூடிபோல் அடைத்துக்கொண்டது.

இயற்கையின் பங்கு இத்துடன் முடிகிறது. வெளியே எடுக்கப்படும் வாயு காற்றில் கலக்குமா, மீண்டும் பாறைக்குள் செல்லுமா என்பதை அரசியலே தீர்மானிக்கிறது.

நார்வே 1991இல் கடல்சார் எண்ணெய் உற்பத்தியின் மீது கார்பன் வரி விதித்தது. 1996 முதல் ஸ்லீப்னர் வயலின் கரியமில வாயுவை அரசு நிறுவனமான ஸ்டாட்டாயில் கடலடி மணற்பாறைக்குள் செலுத்தியது. ஆஸ்திரேலியாவில் செவ்ரான் தலைமையிலான கார்கன் திட்டத்திலோ, வயலில் இருந்து வரும் கரியமில வாயுவில் 80 விழுக்காட்டைப் புதைக்க வேண்டும் என்பது நிபந்தனை. எரிவாயு ஏற்றுமதி 2016இல் தொடங்கியது. புதைப்பதோ 2019இல்தான் தொடங்கியது. அதன் பின்னரும் இலக்கு எட்டப்படவில்லை. இலாபம் உரிய நேரத்தில் வந்தது, பொறுப்பு மட்டும் தாமதமானது.

பிரேசிலில் பெட்ரோபிராஸ் நிறுவனம் கரியமில வாயுவைப் பிரித்து வயலுக்குள்ளேயே திருப்பிச் செலுத்துகிறது. உப்படி வயல்களை இயக்கும் முழு உரிமையை 2010ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிறுவனத்துக்கு அளித்தது. அன்னிய மூலதனத்துக்குக் கதவு திறந்த 2013 லிப்ரா ஏலத்தை எதிர்த்து எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆயினும் 2016இல் டெமர் ஆட்சி அந்தச் சட்டப் பாதுகாப்பையும் நீக்கியது.

பொதுத்துறை உடைமை அவசியம். அது மட்டுமே போதாது. திருப்பிச் செலுத்தப்படும் வாயு கூடுதல் எண்ணெயை வெளித்தள்ளுகிறது. அந்த எண்ணெய் எரிக்கப்படும்போது புதிய கரியமில வாயு பிறக்கிறது. இக்கணக்கை மறைத்துவிட்டு ‘பசுமை’ முத்திரை குத்துவது மோசடியாகும்.

இந்தியாவிலும் கார்பனைப் பிடித்துப் புதைக்கும் திட்டங்கள் பேசப்படுகின்றன. எவ்வளவு வாயு புதைக்கப்படுகிறது, எவ்வளவு எண்ணெய் கூடுதலாக எடுக்கப்படுகிறது, செலவை யார் ஏற்பது ஆகிய மூன்று கணக்குகளும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். இலாபம் தனியாருக்கு, புகை மக்களுக்கு என்ற பங்கீட்டை ஏற்க முடியாது.