கவுன்சிலர் அம்மிணி

மேட்டுப்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் உத்தியோகம். மனோதத்துவத்தில் எம்.எஸ்ஸி. தேறியவள். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு யோசனை சொல்வது வேலை. உத்தியோகத்தின் பெயர் கவுன்சிலர். வினை அங்கேதான் ஆரம்பமாயிற்று. அவள் சேர்ந்த இரண்டாம் வாரமே பக்கத்து வீதிக் கிழவி ஒருத்தி வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனம்மிணி, கவுன்சிலரு நீதானாமா? எங்க வீதிக் குழாயில எட்டு நாளாத் தண்ணி வரலே. என்னன்னு கொஞ்சம் பாரு கண்ணு."

கிழவியைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் கவுன்சிலர் என்றால் வார்டு மெம்பர். கவுன்சலிங் என்றால் இன்ஜினீயரிங் காலேஜில் இடம் பிடிப்பது, இல்லாவிட்டால் வாத்தியார்கள் ஊர் மாற்றிக்கொள்வது. ஆனால் எம்.ஏ., பி.எட். படித்த தலைமையாசிரியருக்கும் அந்தக் கிழவிக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லையே என்பதுதான் என் வருத்தம். ஆசிரியர் வராத வகுப்புக்கு இவளை அனுப்பினார். பிள்ளைகளை பஸ் ஏற்றிவிடச் சொன்னார். பரீட்சையில் காப்பியடித்தவனை விசாரிக்கச் சொன்னார். ஒரு நாள், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இவளிடம் அழுதுவிட்டுப் போனதைக் கேள்விப்பட்டு, "அந்த நோட்டைக் கொண்டாம்மா" என்றார். இவள் மறுத்தாள். "சம்பளம் கொடுப்பது நிர்வாகமா, அந்தப் பெண்ணா?" என்று கேட்டாராம். நோட்டு இன்னும் இவளிடம்தான் இருக்கிறது. உத்தியோகம் ஜூன் வரைதான் என்று பேச்சு.

ஐயா, உங்களைத்தான் கேட்கிறேன். அழ வருகிற அறையிலேயே பிரம்பையும் வைத்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லத்தான் வேண்டும். குழந்தையிடம் எவனாவது தகாத முறையில் நடந்திருந்தால், அதைத் தெரிவிக்காமல் இருப்பதே 2012-ஆம் ஆண்டு போக்ஸோ சட்டப்படி குற்றம். அது அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். மற்றபடி அப்பா அம்மா சண்டையும், சிநேகிதி பேசாத துக்கமும் உங்கள் மேஜைக்கு எதற்கு?

சட்டமும் இவளைச் சரியாகக் கவனிக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநலத் தொழிலில் உள்ளவர்கள் யார் யார் என்று சொல்கிறது. மனநல டாக்டர், கிளினிக்கல் உளவியலாளர், மனநல நர்ஸ், மனநலச் சமூகப் பணியாளர். சித்த வைத்தியத்தில் சிறப்பு மருத்துவம் மேற்படிப்புப் படித்தவர்கூட உண்டு. பள்ளி ஆலோசகர் இல்லை. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிலையங்கள் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. புண்ணியமான உத்தரவு. ஆனால் நம் நிர்வாகிகளை நான் அறிவேன். தையல் டீச்சரின் அறைக் கதவில் புதுப் பலகை ஒன்று தொங்கும், உத்தரவு நிறைவேறிவிடும். எங்கள் ஊர் மண்டியில் உருளைக்கிழங்கு நிறுக்கிற தராசுக்குக்கூட சர்க்கார் முத்திரை வேண்டும்!

இந்தத் தொழிலில் இருப்பவர்களையும் விடுவதற்கில்லை. காலேஜைப் பாதியில் விட்டவன் பட்டத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பார்கள், கேட்கட்டும். எம்.எஸ்ஸி.க்காரர் எம்.எஸ்.டபிள்யூ.க்காரரை மதிப்பதில்லை. இருவரும் சேர்ந்து டிப்ளமாக்காரரை மதிப்பதில்லை. நோட்டைக் கேட்டால் தரமாட்டோம் என்று மூவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடலாமே?

பாட்டி இருந்தாளே, இதெல்லாம் எதற்கு என்கிற சிநேகிதர்கள் எனக்கு நிறைய உண்டு. என் பாட்டியிடம் காலையில் சொன்ன ரகசியம் மாலைக்குள் பால்காரர் வரை போய்விடும். அவள் அன்பில் குறைவில்லை. இந்தப் பெண் சம்பளம் வாங்குவதோ யோசனை சொல்வதற்கு மட்டுமல்ல, கேட்டதைச் சொல்லாமல் இருப்பதற்கும்தான்.

இவ்வளவு எழுதுகிற நானும் யோக்கியன் அல்ல. என் பையன் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு. இரண்டு தடவை அவள் அறைக்குப் போய் வந்தான் என்று தெரிந்தது. மனசு கேட்கவில்லை. எதிர்வீடு என்கிற உரிமையில் போய் விசாரித்தேன்.

"அதை அவன்கிட்டயே கேளுங்க மாமா" என்றாள்.

வந்த கோபத்தில் இரண்டு நாள் அந்த வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு பவானிப் பாலம் வரை நடந்தேன். போகும்போது இருவரும் ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது அவனாகவே ஆரம்பித்தான். என்ன சொன்னான் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.