சொத்தைப் பல்லும் இதயத்தின் ஓட்டையும்



விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் நாள்தோறும் கல்லூரிக்குச் செல்பவன் நான். அதே பெட்டியில் வரும் நண்பர் ஒருவரைச் சென்ற ஆண்டு பல வாரங்கள் காணவில்லை. திரும்பி வந்த அன்று, உட்கார்ந்ததும் அவர் கேட்ட கேள்வி இது: "பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சார் சம்பந்தம்? நீங்கள் பிசிக்ஸ் வாத்தியார்தான், இருந்தாலும் கேட்கிறேன்."

அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவளுக்குப் பிறவியிலேயே இதயத்தின் இரு கீழறைகளுக்கு இடையிலுள்ள தடுப்புச் சுவரில் சிறு ஓட்டை. மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கு வந்த மருத்துவர்கள் இதய ஒலியைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார்கள். சிறிய ஓட்டைதான், அறுவை தேவையில்லை, ஆண்டுக்கு ஒரு முறை காட்டினால் போதும் என்றார்கள். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையானபோது வீட்டில் கிராம்பை வைத்து வலியை அடக்கினார்கள். பிறகு மாலை தோறும் இலேசான காய்ச்சல் வந்தது. மருந்துக் கடையில் மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். காய்ச்சல் நின்றது, பத்து நாளில் திரும்ப வந்தது. மீண்டும் மாத்திரை. இப்படி ஐந்து வாரம் ஓடிற்று. பெண் இளைத்துப்போன பிறகு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே மருத்துவர் முதலில் கேட்டது, "பல்லில் ஏதாவது தொந்தரவு உண்டா?" என்பதே.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று பார்ப்போம்.

நம் வாய் நுண்ணுயிர்களின் ஊர். 1683-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லீவன்ஹுக், தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெண்பசையைத் தாமே செய்த உருப்பெருக்கியில் பார்த்தார். நெளியும் சிற்றுயிர்களைக் கண்டு, தம் நாட்டு மக்கள் தொகையைவிடத் தம் வாயில் வாழ்பவை அதிகம் என்று இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இன்று மனித வாய்களில் 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. இவற்றைப் பகைவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சில இனங்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து, வெளியிலிருந்து வரும் கிருமிகள் குடியேறாமல் தடுக்கின்றன. வேறு சில, நாம் உண்ணும் கீரையிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித் தருகின்றன. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்த உதவுகிறது.

ஈறு புண்ணாக இருந்தால், பல் துலக்கும்போதும் முறுக்குக் கடிக்கும்போதும் கூட இவற்றில் சில இரத்தத்தில் நுழைந்துவிடும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கல்லீரலும் மண்ணீரலும் சிறிது நேரத்தில் அவற்றை வடிகட்டிவிடும். இந்த நேரத்துக்குள் எங்காவது ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தால்தான் ஆபத்து.

இங்கேதான் என் பாடம் வருகிறது. இதயத்தின் இடது கீழறையில் உச்ச அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர். வலது கீழறையில் 25. வித்தியாசம் 95 மில்லிமீட்டர், அதாவது சுமார் 12,700 பாஸ்கல். இரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,060 கிலோகிராம். அழுத்த வேறுபாடு = ½ × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் என்ற சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள். நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வரும். இதயத்திலிருந்து வெளியேறும் பெருந்தமனியிலேயே உச்ச வேகம் 1 மீட்டர் அளவில்தான். ஆக, அந்தச் சிறு ஓட்டை வழியே இரத்தம் பீய்ச்சாங்குழல் போலப் பாய்கிறது. ஒலியை வைத்தே மருத்துவர் கண்டுபிடித்தது அதனால்தான். ஓட்டை மிகப் பெரிதாக இருந்தால் இரு பக்க அழுத்தமும் நெருங்கிவிடும். பீய்ச்சலும் குறையும், இரைச்சலும் குறையும். (அதனால் பெரிய ஓட்டை நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதன் தொல்லைகள் வேறு.)

வீடூர் அணையில் மதகு திறக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? நீர் பாய்ந்து வரும் நடுப்பகுதியில் சருகு தங்காது. மதகைத் தாண்டியவுடன் இருபுறமும் நீர் சுழலும் இடத்தில் நுரையும் வைக்கோலும் சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். இதயத்திலும் இதேதான். 1963-இல் அமெரிக்க ஆய்வாளர் சைமன் ராட்பார்டு, உட்புறம் அகார் கூழால் ஆன, நடுவில் குறுகிய குழாய் ஒன்றில் பாக்டீரியா கலந்த காற்றைச் செலுத்தினார். குறுகலைத் தாண்டிய உடனே, அழுத்தம் குறைந்த இடத்தில்தான் கிருமிகள் படிந்து வளர்ந்தன. நோயாளிகளின் இதயத்திலும் கிருமிக்கூட்டம் பெரும்பாலும் ஓட்டையின் குறைந்த அழுத்தப் பக்கத்தில் அல்லது பீய்ச்சல் மோதும் சுவரில்தான் காணப்படுகிறது. இன்னொரு சான்று: மேலறைகளுக்கு இடையே மட்டும் ஓட்டை உள்ளவர்களுக்கு இந்த நோய் மிக அரிது. அங்கே அழுத்த வேறுபாடு சில மில்லிமீட்டர்தான், பீய்ச்சல் இல்லை. பெர்னௌலியின் தத்துவத்தைத் தேர்வுக்காக மட்டும் படிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பீய்ச்சலால் உராய்ந்த இடத்தில் இரத்தத் தட்டணுக்களும் இழைகளும் படிந்து மெத்தை போலாகின்றன. வாயிலிருந்து வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதில் ஒட்டுகிறது. எதனால் ஒட்டுகிறது தெரியுமா? முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையைக் கடந்துதானே எங்கள் ரயில் போகிறது! அந்தச் சர்க்கரையிலிருந்து இந்தக் கிருமிகளில் பல டெக்ஸ்ட்ரான் என்னும் பசையைத் தயாரிக்கின்றன. பல்லில் ஒட்ட உதவும் அதே பசை இதயத்திலும் ஒட்ட உதவுகிறது. நாளடைவில் பாசி போன்ற திரள் வளர்கிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்கோ நுரையீரலுக்கோ போகலாம்.

இந்த நோய்க்கு இதய உட்சவ்வு அழற்சி என்று பெயர். உலகில் ஆண்டுக்கு இலட்சம் பேரில் 3 முதல் 10 பேருக்குத்தான் வருகிறது. ஆனால் பென்சிலின் வருவதற்கு முன் வந்தவர்களில் அநேகமாக எவரும் பிழைத்ததில்லை. பெரும் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலருக்கு இதய வால்வில் குறை இருந்தது. 1911-இல் நியூயார்க்கில் அவருடைய இரத்தத்தை வளர்ப்பூடகத்தில் வைத்தபோது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது. நோயின் பெயர் தெரிந்தது, மருந்து இல்லை. அந்த ஆண்டு மே 18-இல் வியன்னாவில் இறந்தார்.

இன்று மருந்து இருக்கிறது. நரம்பு வழியே நான்கு முதல் ஆறு வாரம் ஊசி. ஆனால் எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். முன்னரே அரைகுறையாக விழுங்கிய மாத்திரைகள் கிருமியைக் கொல்லாமல், சோதனைக் குப்பியில் மட்டும் வளரவிடாமல் மறைத்துவிடுகின்றன. நண்பரின் மகளுக்கும் அப்படித்தான் சில நாட்கள் வீணாயின. இதயக் குறை உள்ள ஒருவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால், கடை மாத்திரை கொடுப்பதற்கு முன் இரத்தச் சோதனை செய்ய வேண்டும். இந்த விஷயத்தில் நான் மருந்துக் கடைக்காரரை மட்டும் குறை சொல்லமாட்டேன். கேட்டு வாங்குபவர்கள் நாம்தானே?

பள்ளிகளைப் பற்றியும் ஒரு குறை உண்டு. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் மத்திய அரசுத் திட்டத்தின்படி பள்ளிப் பிள்ளைகளிடம் சோதிக்க வேண்டிய 30 குறைபாடுகளின் பட்டியலில் பிறவி இதய நோயும் இருக்கிறது, பற்சொத்தையும் இருக்கிறது. நண்பர் மகளின் அட்டையில் இரண்டும் எழுதப்பட்டிருந்தன, வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு வரிகளில். இரண்டையும் சேர்த்துப் படித்தவர் எவருமில்லை. இதயக் குறை உள்ள பிள்ளையின் சொத்தைப் பல்லை, மற்றப் பிள்ளைகளின் பல்லுக்கு முன்னால் கவனிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் என்ன? அதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம்.

அப்படியானால் இதயக் குறை உள்ள எல்லோரும் பல் பிடுங்குமுன் மாத்திரை போட வேண்டுமா என்று கேட்பீர்கள். முன்பு அப்படித்தான் பரவலாகக் கொடுத்தார்கள். 2007-இல் அமெரிக்க இதயச் சங்கம் அதைச் சுருக்கிவிட்டது. செயற்கை வால்வு பொருத்தியவர்கள், முன்பே இந்த நோய் வந்தவர்கள், சில கடுமையான பிறவிக் குறை உள்ளவர்கள் ஆகியோருக்கே மாத்திரை என்றது. என்றோ ஒரு நாள் பல் பிடுங்குவதைவிட, நாள்தோறும் புண்பட்ட ஈற்றின் வழியே நுழையும் கிருமிகளே மொத்தத்தில் அதிகம் என்பது காரணங்களில் ஒன்று. இது எனக்குச் சரியாகவே படுகிறது. உங்களில் எவருக்காவது இதயக் குறை இருந்தால், பல் மருத்துவரிடம் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

நண்பரின் மகள் ஆறு வாரம் ஊசி போட்டுக்கொண்டு, அரையாண்டுத் தேர்வைத் தவறவிட்டு, பிழைத்து வந்தாள். இப்போது அவளும் 'முன்பே நோய் வந்தவர்கள்' கணக்கில் சேர்ந்துவிட்டாள். ஆகவே அந்தக் கடைவாய்ப் பல்லை எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு அவளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பல்லை ஒரு காகிதத்தில் மடித்து அவள் அப்பா ரயிலில் எனக்குக் காட்டினார். நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புக் குழி.