வெளிநாட்டுல முதல் சினிமா: டிக்கெட் விலையை ரூபாய்க்கு மாத்திப் பார்க்காதீங்க



பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் சவுதியிலயோ துபாயிலயோ சிங்கப்பூர்லயோ வேலை பார்க்கிறவங்க வீடு ஒண்ணாவது இருக்கும். அப்படிப் போனவங்க பல பேருக்கு முதல் தடவை அங்க சினிமாவுக்குக் கிளம்பும்போது ஒரு குற்ற உணர்ச்சி வருது. "ஒரு படத்துக்கு ஆயிரம் ரூபாயா? ஊர்ல அப்பா உரக்கடை பாக்கியே இன்னும் கட்டலையே!"

சவுதியில இருந்தவங்களுக்கு ரொம்ப வருஷம் இந்தக் கவலையே கிடையாது. அங்க 35 வருஷத்துக்கு மேல தியேட்டரே இல்லை. வசதி உள்ளவங்க கடல் பாலம் வழியா பஹ்ரைன் போய் படம் பார்த்துட்டு வருவாங்க. 2018 ஏப்ரல் 18-ம் தேதி ரியாத்தில் 'பிளாக் பாந்தர்' படத்தோட தியேட்டர் திறந்தாங்க. அதே வருஷம் ஜூன்ல ரஜினியோட 'காலா' அங்க ரிலீஸ் ஆச்சு. இப்போ ஆசையும் இருக்கு, தியேட்டரும் இருக்கு. அதனாலதான் கணக்கும் தேவைப்படுது.

என் கருத்து: தாராளமா போங்க. ஆனா கணக்கை வேற மாதிரி போடுங்க.

ரூபாய்ல பார்க்காதீங்க, உழைப்புல பாருங்க

மாசம் 1,500 ரியால் சம்பளம், டிக்கெட் 50 ரியால், ஒரு ரியால் 23 ரூபாய்னு வெச்சுக்கோங்க. ரூபாய்க்கு மாத்தினா டிக்கெட் 1,150 ரூபாய். நெஞ்சு பதறும். ஆனா இப்படியே மாத்திட்டு இருந்தா அங்க டீ கூட குடிக்க முடியாது.

அதுக்குப் பதிலா இப்படிப் பாருங்க. மாசம் 26 நாள், தினம் 8 மணி நேரம் வேலைன்னா ஒரு மணி நேரத்துக்கு உங்க சம்பளம் சுமார் 7 ரியால். ஒரு டிக்கெட்டுக்கு 7 மணி நேர உழைப்பு. தஞ்சாவூர்ல 15,000 ரூபாய் சம்பளம் வாங்குறவர் 200 ரூபாய் டிக்கெட் எடுத்தா, அது அவருக்கு 3 மணி நேர உழைப்பு. அதாவது உங்களுக்கு சினிமா நிஜமாவே காஸ்ட்லிதான். வாரா வாரம் போற விஷயம் இல்லை. ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு படம்னா சம்பளத்துல 2 சதவீதம் கூட வராது.

நிஜமான ஓட்டை எங்க இருக்கு?

விசாவுக்காக ஊர்ல 1.5 லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கியிருக்கீங்கன்னு வெச்சுப்போம். மாசம் 3,000 ரூபாய் வட்டி. உங்க டிக்கெட் கணக்குல இது மாசம் ரெண்டரை சினிமா, அதுவும் நீங்க பார்க்காத சினிமா! வீட்டுல போதுமான நகை இருந்தா, அதை பேங்க்லயோ கூட்டுறவு சங்கத்துலயோ 9 சதவீத வட்டிக்கு வெச்சு அந்தக் கடனை அடைங்க. வட்டி மாசம் 1,125 ரூபாயா குறையும். மிச்சம் 1,875 ரூபாய். உங்க முதல் சினிமா டிக்கெட் இதுலயே வந்துடும், மீதியை அசல்ல கட்டலாம்.

சினிமாவை விட்டா கடன் தீர்ந்துடும்னு நினைக்கிறவங்க இந்த வட்டியைக் கவனிக்கிறதே இல்லை. அதுதான் என் வருத்தம்.

"மொபைல்ல பார்த்தா ஆகாதா?"

ஆகும். பல படங்கள் நாலஞ்சு வாரத்துல ஓடிடி-க்கு வந்துடுது. அதுல திருப்தி உள்ளவங்க அப்படியே பாருங்க, நல்லதுதான். ஆனா ரெண்டு வருஷம் எல்லா ஆசையையும் அடக்கி வெச்சிட்டு, லீவுல ஊருக்கு வந்ததும் போன், விருந்து, கார் வாடகைன்னு ஒரே மாசத்துல லட்சத்தைத் தாண்டி செலவு பண்ணி, திரும்பப் போக மறுபடியும் கடன் வாங்குறவங்களை நம்ம பக்கம் எவ்வளவு பேரைப் பார்க்கிறோம்? அதைவிட அப்பப்போ நாலு நண்பர்களோட ஒரு படம் பார்க்கிறது எவ்வளவோ மலிவு.

நம்ம விவசாயி அறுவடை முடிஞ்சதும் முதல்ல விதைநெல்லை எடுத்து வெப்பார். அப்புறம்தான் சாப்பாட்டுக்கும் விற்பனைக்கும். சம்பளத்துக்கும் அதே வரிசைதான். வட்டியும் அசலும் முதல்ல, வீட்டுக்கு அனுப்புறது அடுத்தது, அவசரத்துக்குக் கொஞ்சம் சேமிப்பு. இதெல்லாம் முடிஞ்ச பிறகு சம்பளத்துல 2 சதவீதம் உங்களுக்குன்னு தனியா வைங்க. மாசம் 30 ரியால். ரெண்டு மாசத்துல டிக்கெட் வந்துடும்.

அந்தப் பணத்துல படம் பார்க்கும்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அம்மா போன்ல "எங்கப்பா இருக்க?"ன்னு கேட்டா, "படத்துக்கு வந்திருக்கேம்மா"ன்னு தைரியமா சொல்லலாம்.

உங்க ஊர்க் கடனுக்கு என்ன வட்டி கட்டுறீங்க? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல கணக்கு போட்டுப் பார்ப்போம்.