பழைய சிடிகளைத் தூக்கிப் போடாதீங்க… அதற்கு முன் ஒரு வேலை இருக்கு!

பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது பல வீடுகளில் முதலில் காயலான் கடைக்குப் போவது சிடி டப்பாதான். ‘எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கே!’ என்பார்கள். எல்லாமும் இல்லை என்பதுதான் சிக்கல். உரிமை ஒப்பந்தம் முடிந்தால், ஸ்ட்ரீமிங் ஆப்பிலிருந்து ஒரு ஆல்பம் சத்தமில்லாமல் காணாமல்போகும். சந்தாவை நிறுத்தினால், டவுன்லோடு செய்து வைத்ததும் பாடாது. தாத்தா வாங்கிய சபா கச்சேரி சிடி எந்த ஆப்புக்கும் வராமலே போகலாம்.

தரத்திலும் சிடி லேசுப்பட்டதல்ல. ஒலியை நொடிக்கு 44,100 முறை, 16 பிட் அளவில் பதிவு செய்கிறது. இரண்டு சேனலுக்கும் சேர்த்து நொடிக்கு 1,411 கிலோபிட். பென்டிரைவில் கிடக்கும் 128 கேபிபிஎஸ் எம்பி3 இதில் பதினொன்றில் ஒரு பங்குதான். ‘காதுக்குத் தெரியாது’ என்று பலவற்றை வெட்டித்தான் அந்தச் சிறிய சைஸ் கிடைக்கிறது. ஜால்ராவும் கைதட்டலும் வரும் இடத்தில் பிசிறடிப்பது அதனால்தான்.

இதற்குத் தீர்வு 2001-ல் வந்த ஃபிளாக் என்ற இலவச ஃபார்மட். ஜிப் ஃபைல் மாதிரி சுருக்கும், எதையும் வெட்டாது. ஒரு ஆல்பத்துக்கு 300, 400 எம்பி ஆகும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 2,500 ஆல்பங்கள் வரை அடக்கிவிடலாம். ஆனால், கையில் உள்ள எம்பி3-யை ஃபிளாக்காக மாற்றிப் பயனில்லை. வெட்டியது வெட்டியதுதான்.

லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லையா? யூஎஸ்பி-யில் செருகும் டிரைவ் போதும். விண்டோஸுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள், கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து எடுக்கும். நேரமாகும், பொறுமை வேண்டும். ‘டிராக் 01’ என்றே விட்டுவிடாமல் பாடகர், பக்கவாத்தியக்காரர், ஆண்டு எல்லாம் எழுதிவிடுங்கள். அட்டையைப் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். அந்த விவரங்கள் பல நேரம் அட்டையில் மட்டும்தான் இருக்கும்.

கேட்பதற்கு விஎல்சி பிளேயர் போதும். சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் பாட்டு மறுபடி சுருக்கப்படும். ஒயர் போட்டுக் கேட்பது உத்தமம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரம் பார்த்துச் செலவு செய்வதைவிட, அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம்.

ஹார்ட் டிஸ்க் என்றைக்காவது ஒருநாள் படுத்துவிடும். அதனால் இரண்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றை அக்கா வீட்டிலோ, தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் செருகி, நான்கு பாட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.