மஜூலிக்கு கேமராவோட போறீங்களா? முகமூடியைத் தாண்டியும் பாருங்க!

அசாமில் பிரம்மபுத்திராவின் நடுவே இருக்கும் மஜூலி, 2016-ல் நாட்டின் முதல் ஆற்றுத்தீவு மாவட்டமானது. ஜோர்ஹாட் அருகே நிமாதி படகுத்துறையில் ஃபெர்ரி ஏறினால் போய்விடலாம். இன்ஸ்டாகிராமில் தேடினால் பெரும்பாலும் வருவது வைணவ மடங்களின் முகமூடிகளும் சூரிய அஸ்தமனமும்தான். அழகுதான், ஆனா அது மட்டும் போதுமா?

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்போதைவிடப் பெரிதாக இருந்த தீவு இது. கரை அரிப்பில் கணிசமான பகுதி ஆற்றோடு போய்விட்டது. வீடு, வயல், ஊர்ப்பாதை எல்லாமே அதில் அடக்கம். அதனால இங்கே எடுக்கும் சாதாரணப் படம்கூட ஒருநாள் ஆவணமாகும்.

மூங்கில் கால்கள் மேல் நிற்கும் மிஷிங் மக்களின் வீடு, அதன் அடியில் நெசவுத் தறி, சக்கரம் இல்லாமல் கையாலேயே பானை வனையும் சல்மோரா பெண்கள்... இதையெல்லாம் எடுங்க. ஆனா, கேட்டுட்டு எடுங்க. ஊர் பெயரையும் தேதியையும் குறிச்சு வையுங்க. 'மர்மத் தீவு'ன்னு கேப்ஷன் போடுறதைவிட அதுக்கு மதிப்பு அதிகம்.

முகவரி வாங்கி, ஒரு பிரிண்ட் அனுப்புங்க. நாளைக்கு அந்த வீடு இருந்த இடத்துல தண்ணி ஓடினாலும், 'இங்கேதான் இருந்தோம்'னு காட்ட அவங்க கையில் ஒரு படமாவது இருக்கும்.