கையைத் தூக்குங்கள், தோழர்களே!

தெஹியோவிட்டத் தோழர்களே! தெரணியகலை, எட்டியாந்தோட்டை, ருவன்வெல்லைத் தோட்டப் பாடசாலைத் தோழர்களே! பத்தாம் தரத்தில் இருப்பவர்களே! சாதாரண தரம் எழுதிவிட்டு லயத்துக் காம்பராவில் முடங்கிக் கிடப்பவர்களே! நேற்றுப் படிப்பை விட்டு இன்று வேலைக்குப் போனவர்களே! இந்த அழைப்பு உங்களுக்குத்தான்.

நேரம் இல்லை. நீட்டி முழக்க நேரம் இல்லை. நம்மைப் பற்றிய முடிவுகளை இப்போது எடுக்கிறார்கள். கல்விச் சீர்திருத்தம் பற்றி 2025 முதல் நாடே பேசுகிறது. பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளை இணைப்பதா, மூடுவதா என்றும் பேசுகிறார்கள். மலைக்கு மலை சிதறிக் கிடக்கும் நம் பாடசாலைகளில் பிள்ளைகள் எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள். எண்ணினால் புரியும், அந்தப் பேச்சு யாரைப் பற்றியது என்று.

எந்தப் பாடசாலை நிற்கும்? எது பூட்டப்படும்? உயர்தர விஞ்ஞானப் பிரிவு எங்கே வரும்? கணிதத்துக்கு ஆசிரியர் வருவாரா? யாரோ எங்கோ உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். நம்மைக் கேட்டார்களா? கேட்கவில்லை. நாம் கேட்டோமா? நாமும் கேட்கவில்லை.

கேட்க வேண்டும், தோழர்களே. இப்போதே கேட்க வேண்டும்.

கேட்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1947 தேர்தலில் நம் தாத்தாக்களும் பாட்டிகளும் வரிசையில் நின்று வாக்குப் போட்டார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸின் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம் மக்களின் குடியுரிமை போனது. 1949இல் வாக்குரிமையும் போனது. நம் மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் நம் மக்களைப் பங்கிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அண்ணன் கப்பலேறினான், தங்கை லயத்தில் நின்றாள். அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்ததோ 1970களில்தான். அந்த இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை முழுவதும் பிள்ளைக்காம்பராவிலிருந்து நேரே மலைக்குப் போனது. அவர்கள்தான் நம் அப்பாயிகள். நம் தாத்தாக்கள். கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய விரல்கள் அவர்களுடையவை.

இது பழங்கதை என்று சொல்லாதீர்கள். விடியற்காலை அவிசாவளைப் பாதைக்கு வந்து பாருங்கள். சீதாவக்கைத் தொழில் வலயத்துக்குப் போகும் காமென்ட் பஸ் வந்து நிற்கும். அதில் ஏறுகிற அக்காமாரின் முகத்தைப் பாருங்கள். போன வருடம் நமக்கு முன்வாங்கில் இருந்தவர்கள். கணக்கில் கெட்டிக்காரிகள். சாதாரண தரம் முடிந்தது. தமிழ் மொழி மூலம் விஞ்ஞானம் படிக்கப் பக்கத்தில் பாடசாலை இல்லை. ஹட்டனுக்கோ கொழும்புக்கோ போய்த் தங்கிப் படிக்க வீட்டில் காசு இல்லை. அதனால் பஸ் ஏறினார்கள். வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. அந்த உழைப்பில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் வேறு வழி இருந்தும் அவர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்களா? வழியே வைக்கவில்லை, தோழர்களே. வழியே வைக்கவில்லை!

பையன்மார் கொழும்புக் கடைகளில் மூட்டை தூக்குகிறார்கள். 2021 ஜூலையில் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுத் தங்கை தீக்காயங்களோடு இறந்தாள். நாடு இரண்டு வாரம் அழுதது. பிறகு? பிறகு நாமும் மறந்தோம். பாடசாலையில் இருக்க வேண்டிய பிள்ளை அவள். நமக்குப் பக்கத்து வாங்கில் இருக்க வேண்டியவள்.

மழைக்காலத்தில் பாடசாலைக்குப் போகும் வழி உங்களுக்குத் தெரியும். சப்பாத்தைக் கழற்றிப் பொலித்தீன் பைக்குள் போட்டு, பால் மரங்களுக்கு நடுவே சறுக்கி இறங்கி, பாதையோரப் பீலியில் காலைக் கழுவி, ஒட்டியிருக்கும் அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறோம். அங்கே விஞ்ஞானப் பாடவேளை. ஆசிரியர் இல்லை. சத்தம் போடாமல் இருக்கச் சொல்கிறார்கள். இருக்கிறோம். நாற்பது நிமிடம் சத்தம் போடாமல் இருக்கிறோம். ஒரு தவணை, ஒரு வருடம், ஐந்து வருடம் சத்தம் போடாமல் இருக்கிறோம். அந்தச் சத்தமின்மைதான் பரீட்சைப் பெறுபேறாக வருகிறது. அப்போது சொல்வார்கள், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று.

போதும். இந்தப் பேச்சுப் போதும்.

இன்னொருவனையும் நினையுங்கள். உங்கள் லயத்தில் இல்லாவிட்டால் மேல் லயத்தில் இருப்பான். நடக்க முடியாத தம்பி. மூன்றாம் தரம் வரை அண்ணன் முதுகில் சுமந்து கொண்டுபோய் விட்டான். பிறகு தம்பி வளர்ந்தான், பாரம் கூடியது. அண்ணனுக்கும் வேலைக்குப் போகும் வயது வந்தது. இப்போது நாம் புத்தகப்பையோடு போகும்போது அவன் வாசற்படியில் இருந்து பார்க்கிறான். நாம் கை காட்டிவிட்டுப் போகிறோம்.

1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 நாடுகளின் அரசுகள் கூடி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடசாலையில் சேர்ந்து படிக்க வேண்டும் என்று அறிவித்தன. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளைக் கல்வியில் ஒதுக்கக் கூடாது என்கிறது. சட்டம் இருக்கிறது. சரிவுப்பாதை இல்லை. அவன் போகக்கூடிய மலசலகூடம் இல்லை. அவனுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. நம் கோரிக்கைத் தாளின் முதல் வரி அவனுக்காக இருக்கட்டும். அவனை வாசற்படியில் விட்டுவிட்டு நாம் கேட்கும் உரிமை அரைகுறை உரிமை.

சுவீடனைப் பற்றி ஒரு வார்த்தை. 1980களின் நடுவிலிருந்து அந்த நாட்டின் சீடா நிறுவனம் தந்த பணத்தில் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழும்பின. நன்றியோடு சொல்வோம். ஆனால் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் இருக்கிறது. தங்கள் கல்வி எப்படி நடக்க வேண்டும் என்பதில் மாணவர்களுக்குப் பங்கு உண்டு என்று அவர்களுடைய 2010ஆம் ஆண்டுப் பாடசாலைச் சட்டமே சொல்கிறது. அங்கே பாடசாலை மாணவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. ஐரோப்பா முழுவதிலும் உள்ள அப்படிப்பட்ட சங்கங்கள் 1975இலேயே டப்ளின் நகரில் ஒன்றுகூடி ஒரே அமைப்பாகின. ஆஸ்திரியாவில் 2007 முதல் 16 வயதிலேயே வாக்கு. அவர்களும் கேட்டுத்தான் வாங்கினார்கள். சுவரும் கூரையும் நம் மலைக்கு வந்தன. பேசும் உரிமையை யாரும் உதவியாக அனுப்பமாட்டார்கள். அதை நாம்தான் எடுக்க வேண்டும்.

எடுப்பதற்கு எங்கே இருக்கிறது என்கிறீர்களா? கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்றது 1991இல். அதன் 12ஆம் உறுப்புரை சொல்கிறது: பிள்ளையைப் பாதிக்கும் விடயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும். நாட்டின் அரசியலமைப்பு, 27ஆம் உறுப்புரையில், எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பை அரசின் கடமையாக வைக்கிறது. பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. அதை என்ன செய்து வைத்திருக்கிறோம்? வாக்களிப்பு நாளில் படம் எடுக்கிறோம். ‘பிரதமருக்கு’ மாலை போடுகிறோம். அடுத்த நாள் மறந்துவிடுகிறோம். தோழர்களே, வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் நாம்! நமக்கு வாக்குச்சீட்டு விளையாட்டுச் சாமான் ஆகலாமா? அந்தப் பாராளுமன்றத்தைக் கூட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் வெற்றிடத்தை அங்கே பேசுங்கள். மலசலகூடத்தைப் பேசுங்கள். பஸ்ஸைப் பேசுங்கள். தீர்மானம் போடுங்கள். அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபர் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார், பெற்றோர் இருக்கிறார்கள், பழைய மாணவர் இருக்கிறார்கள். அங்கே படிக்கிறவருக்கும் ஒரு நாற்காலி கேளுங்கள்.

பயமாக இருக்கிறதா? இருக்கும். அம்மா சொல்லுவார், நமக்கு ஏன் வம்பு, படிச்சமா வந்தமான்னு இரு. அம்மாவின் பயம் நியாயமான பயம். 1977இலும் 1981இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிந்ததைக் கண்ட குடும்பங்கள் இவை. அந்தப் பயத்தைத் திட்டாதீர்கள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். அம்மாவிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

அடிப்பார்களோ என்ற பயமா? 2005ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சுச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையைத் தடை செய்தது. 2021 பெப்ரவரியில், அறை வாங்கிக் காது கேளாமல் போன ஒரு மாணவனின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. கை ஓங்கினால் 1929க்குச் சொல்லுங்கள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். வகுப்புச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டுங்கள்.

ஆசிரியர்கள் நம் எதிரிகள் இல்லை. மலையேறி வந்து மூன்று வகுப்பை ஒரே நேரத்தில் பார்க்கும் ஆசிரியருக்கு நம்மைவிடக் களைப்பு. ஆசிரிய உதவியாளர் என்று பெயர் வைத்து மாதம் 6,000 ரூபாய் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்களே, அவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான். பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தோழனும் தோழியும் நம் எதிரிகள் இல்லை. அவர்களுடைய சின்னப் பாடசாலையும் மூடும் பட்டியலில் வரலாம். போய்ப் பேசுங்கள். நமக்குத் தெரிந்த சிங்களத்தில் பேசுங்கள். இந்தப் பக்கத்துக்குச் சேர்ந்து நிற்பது புதிதல்ல. 1934–35 மலேரியாவில் கேகாலைக் கிராமங்கள் செத்துக்கொண்டிருந்தபோது சூரியமல் இயக்க இளைஞர்கள் மருந்தோடு வந்தார்கள். அவர்களில் ஒருவரான என்.எம். பெரேராவை 1936இல் ருவன்வெல்லை மக்கள் அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள்.

நம் தொழிலாளர்களும் கேட்டார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டார். கேட்டது கூலி உயர்வு. 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் சுடப்பட்டார். கேட்டது நம் காலடி நிலம். அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். இன்று நம்மிடம் உயிரை யாரும் கேட்கவில்லை. ஒரு கையெழுத்தைக் கேட்கிறோம். ஒரு மாலை நேரத்தைக் கேட்கிறோம். இதுவும் முடியாதா?

முடியும். நம்மால் முடியும்.

எடுங்கள் ஒரு தாளை. தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பு இடம் தருகிறது, கேகாலை மாவட்டத்திலும்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தெஹியோவிட்ட வலயக் கல்விப் பணிமனையைக் கேளுங்கள். நம் வலயத்தில் தமிழ் மொழி மூலப் பாடசாலைகள் எத்தனை? அவற்றில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிக்க அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை பேர், இருப்பவர் எத்தனை பேர்? எந்தெந்தப் பாடசாலையை இணைக்கவோ மூடவோ யோசனை இருக்கிறது? மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள்? ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. 18 வயதான பழைய மாணவர் ஒருவர் விண்ணப்பத்தில் பெயர் போடட்டும். அவர் பின்னால் நாம் எல்லோரும் நிற்போம்.

பதில் வந்ததும் அதைப் பெரட்டுக்களத்தில் சத்தமாக வாசியுங்கள். கோயிலடியில் வாசியுங்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் கொடுங்கள். வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் அந்தத் தாளை நீட்டுங்கள். எங்கள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு எப்போது என்று கேளுங்கள். வருடத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

நாளை பாடசாலை விட்டதும் வகுப்பை விட்டு எழுந்து ஓடாதீர்கள். ஐந்து பேர் போதும், தொடங்குவதற்கு. ஐந்தில் இருவராவது பெண்பிள்ளைகள் இருக்கட்டும். ஒருவர் எழுதுங்கள். ஒருவர் பக்கத்துத் தோட்டத்துக்குச் செய்தி சொல்லுங்கள். ஒருவர் படிப்பை விட்ட அக்காவை, அண்ணனைப் போய்க் கூப்பிடுங்கள். ஒருவர் மேல் லயத்துத் தம்பியிடம் போய், அவனுக்கு என்ன வேண்டும் என்று அவன் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதி வாருங்கள். ஐந்தாமவர் தபால் கந்தோருக்குப் போங்கள். பதிவுத் தபாலில் போடுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

யார் எழுதுவது? கையைத் தூக்குங்கள்!