மார்கழிக் குளிரில் வாத்துக் குஞ்சு விடலாமா?



ஐப்பசி பிறந்ததும் எங்கள் தெருவில் இதே பேச்சுதான். இப்பவே வாத்துக் குஞ்சு விடலாமா, குளிர் போகட்டுமா? பாதிப் பேர், வேண்டாம், குளிரில் செத்துப்போகும் என்கிறார்கள். மீதிப் பேர், வாத்து தண்ணியிலேயே கிடக்கிற ஜென்மம், அதுக்கென்ன குளிர் என்கிறார்கள். ரெண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி என்பது என் கருத்து.

இந்த நேரத்தில் ஏன் ஆசை வருகிறது? நம் திருவாரூர்ப் பக்கம் சம்பா அறுப்பு தை, மாசியில். அறுத்த வயலில் சிந்தின நெல், நத்தை, புழு எல்லாம் கிடக்கும். தீவனச் செலவு அவ்வளவாக இல்லாமல் வாத்து மேயும். (உளுந்து தெளித்த வயலில் மட்டும் இறக்கிடாதீங்க, அப்புறம் சண்டைதான்.) அந்த மேய்ச்சல் கிடைக்கணும்னா குஞ்சுக்கு அப்போ ஒரு மாசமாவது ஆகியிருக்கணும். குளிர் போகட்டும்னு உட்கார்ந்திருந்தால் அறுப்பும் முடிஞ்சிடும், வாய்க்காலும் வத்திடும்.

ஆனால் குஞ்சுக்கு முதல் வாரம் 30, 32 டிகிரி சூடு வேணும். நம் ஊர் மார்கழி விடியற்காலை 20 டிகிரி பக்கம் இறங்கிவிடும். வாரா வாரம் சூட்டைக் கொஞ்சம் குறைத்து, மூணு நாலு வாரம் கழித்துத்தான் சும்மா விடலாம். பல்பு போட்டால் ஒரு குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. 30 குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். தெர்மாமீட்டர் எல்லாம் தேவையில்லை. பல்புக்கு அடியில் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடந்தால் குளிருது. தள்ளிப் போய் மூச்சு வாங்கினால் சூடு ஜாஸ்தி.

குளிரை விட ஈரம்தான் எமன். தாய் வாத்தோடு திரியும் குஞ்சுக்கு அதன் இறகு எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். கோழி அடைகாத்த குஞ்சுக்கு அது கிடையாது. குளத்தில் விட்டால் நனைந்து விறைத்துப்போகும். குடிக்கிற தட்டில் மூக்கு முங்கணும், உடம்பு முங்கக்கூடாது. கீழே போடும் உமி காய்ந்திருக்கணும். மழையில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை வைக்கவே கூடாது, அந்த நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும். 1960-இல் இங்கிலாந்தில் கெட்ட புண்ணாக்கைத் தின்று லட்சம் வான்கோழிகள் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. அதற்குப் பிறகுதான் அஃப்ளாடாக்சின் என்ற அந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள்.

அதனால் கார்த்திகை முதலில் குஞ்சு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடைமழைக் காலம், கரண்டை நம்ப முடியாது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்டே இல்லை. பல்பை மட்டும் நம்பி நூறு குஞ்சு வாங்கினால் அப்போ என்ன செய்வது?

என் யோசனை இது. வியாபாரியிடம் ஒரு நாள் குஞ்சு வாங்காமல், அடைக்கோழி ரெண்டு பிடித்து ஆளுக்குப் பத்து வாத்து முட்டை வைக்கலாம். கோழி முட்டை 21 நாள், வாத்து முட்டை 28 நாள். கார்த்திகை 11 வாக்கில் வைத்தால் டிசம்பர் 25 வாக்கில் பொரிக்கும். மழை குறைந்திருக்கும். கரண்டு போனாலும் கோழியின் இறக்கைக்குள் சூடு போகாது. தை பாதியில் வயலுக்கு ரெடி.

தேதிக்கு இன்னொரு காரணமும் உண்டு, ஆசிரியர்கள் கவனிக்கணும். அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் டிசம்பர் 23-க்குள் முடிந்துவிடும். குஞ்சு வாங்குவது என்னவோ அப்பாமார்கள். ராத்திரி பூனை வருதா, கூரை ஒழுகுதா என்று எழுந்து பார்ப்பது பொம்பளைப் பிள்ளைங்க. மறுநாள் கணக்குப் பரீட்சை என்றாலும் நாங்கதான். அண்ணன்மார்களுக்குக் கண்ணு தெரியாதா?

எங்கள் வீட்டு நாள்காட்டியில் ராத்திரி முறை எழுதிவிட்டேன், ஒரு நாள் நான், ஒரு நாள் அண்ணன். அப்பா பார்த்தார், இன்னும் சரின்னு சொல்லல. உங்க வீட்டில் யார் முறை? இந்தத் தாளுக்குக் கீழே எழுதுங்க.

ஒன்பதாம் வகுப்பு மாணவி